பேசியே கொன்றவர்களும் பேசாமலே கொல்பவர்களும்

2025 மார்ச் 31 மாலை ஏழு மணிக்கு நியூஜெர்சி செனட்டர் கோரி புக்கர் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் பேச எழுந்தார். மறுநாள் இரவு எட்டு மணி தாண்டித்தான் முடித்தார். மொத்தம் 25 மணி 5 நிமிடம். உட்கார்ந்தாலோ அவையை விட்டு வெளியே போனாலோ பேசும் உரிமை போய்விடும் என்பதால் நாற்காலியையே எடுத்துவிடச் சொல்லியிருந்தார். சில நாட்களுக்கு முன்பே சாப்பாட்டை நிறுத்தி, கடைசியில் தண்ணீரையும் நிறுத்திவிட்டு வந்ததாக அவரே பிறகு சொன்னார். எங்கள் பழைய கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் அன்று ஒரே புல்லரிப்பு. "நம்ம எம்.பி. ஒருத்தராவது இப்படி நின்னு பேசுவாரா?" என்று ஆளாளுக்குப் பொங்கிக்கொண்டிருந்தார்கள். எதற்கும் கணக்குக் கேட்கும் நண்பன் ஒருவன் மட்டும், "அதெல்லாம் சரி, எந்த மசோதாவ நிறுத்துனாரு?" என்றான்.

எதையும் நிறுத்தவில்லை. அவர் பேசியது ஒரு மசோதாவை முடக்குவதற்காகவும் அல்ல. பேசி முடித்த பிறகு அவை ஒரு தூதர் நியமனத்துக்கு வாக்களித்து நிறைவேற்றிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

புக்கர் முறியடித்த சாதனைக்குச் சொந்தக்காரர் தென் கரோலினாவின் ஸ்ட்ரோம் தர்மண்ட். 1957 ஆகஸ்ட் 28 இரவு தொடங்கி 24 மணி 18 நிமிடம் பேசியவர். எதிர்த்துப் பேசியது கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்க வந்த குடிமை உரிமைச் சட்டத்தை. முன்கூட்டியே நீராவிக் குளியல் போட்டு உடம்பில் இருந்த நீரை வற்றவைத்துக்கொண்டு வந்தார். அவசரம் வந்தால் ஒரு காலை அவைக்குள் வைத்தபடியே சமாளிக்க, பக்கத்து அறையில் உதவியாளர் ஒருவர் வாளியுடன் காத்திருந்தார். அன்றைய 48 மாநிலங்களின் தேர்தல் சட்டங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். சுதந்திரப் பிரகடனத்தைப் படித்தார். ஜார்ஜ் வாஷிங்டனின் பிரியாவிடை உரையைப் படித்தார். அவர் உட்கார்ந்து சில மணி நேரத்திற்குள் மசோதா 60க்கு 15 என்று நிறைவேறியது.

ஆக, செனட் வரலாற்றின் மிக நீளமான இரண்டு உரைகளும் எதையும் தடுக்கவில்லை. நண்பனின் கேள்வி லேசுப்பட்டதல்ல. ஃபிலிபஸ்டர், அதாவது ஓயாமல் பேசியே மசோதாவை முடக்கும் உத்தி, என்றதும் நம் மனதில் தனி ஒருவன் தொண்டை வறள நின்று பேசும் படம்தான் வருகிறது. அந்தப் படம் ஒரு வேடிக்கை. உண்மையான இழுத்தடிப்பு நடந்தது வேறு இடத்தில்.

தர்மண்ட் பேசிய அன்று மற்ற தென்மாநில செனட்டர்கள் அவருக்குக் கைகொடுக்கவில்லை, எரிச்சல்தான் பட்டார்கள். அவர்களுடைய தலைவர் ஜார்ஜியாவின் ரிச்சர்ட் ரஸ்ஸல். மசோதாவின் பல்லை ஏற்கெனவே பிடுங்கிவிட்டார் அவர். ஃபிலிபஸ்டர் வரும் என்ற பயத்தைக் காட்டியே முக்கியமான பிரிவுகளை எடுக்க வைத்திருந்தார். இந்த விளையாட்டின் மன்னர் என்று யாரையாவது சொல்வதென்றால் ரஸ்ஸலைத்தான் சொல்ல வேண்டும். வாளி வைத்துப் பேசியவரை அல்ல.

1960ஐப் பாருங்கள். அப்போது செனட்டின் பெரும்பான்மைத் தலைவர் லிண்டன் ஜான்சன். அடுத்த குடிமை உரிமை மசோதாவைத் தென்மாநிலத்தார் இழுத்தடிப்பார்கள் என்று தெரிந்து, இரவு பகலாக அவையை நடத்தி அவர்களைக் களைக்கவைக்கலாம் என்று கணக்குப் போட்டார். பிப்ரவரி கடைசியில் தொடங்கி ஒரு வாரத்துக்கு மேல் அவை ஏறக்குறைய ஓயாமல் நடந்தது. களைத்தது யார்? ரஸ்ஸலின் ஆட்கள் 18 பேர். அவர்களைச் சிறு சிறு அணியாகப் பிரித்து முறை வைத்துவிட்டார். தன் முறை வரும்போது வந்து பேசுவது, முடிந்ததும் வீட்டுக்குப் போய்க் குளித்துத் தூங்குவது. மசோதாவை ஆதரித்தவர்களின் பாடுதான் பெரும்பாடு. நடு ராத்திரி இரண்டு மணிக்குத் தென்மாநிலத்தார் ஒருவர் எழுந்து "அவையில் கோரம் (அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லை" என்று சொன்னால் போதும், மணி அடிக்கும். 51 பேர் வந்து தலையைக் காட்டியாக வேண்டும். வராவிட்டால் அவையை ஒத்திவைக்க வேண்டிவரும். மறுநாள் புதுக் கணக்கு, பேசியவர்களே மீண்டும் பேசலாம். அதனால் ஆதரவாளர்கள் செனட் கட்டடத்துக்குள்ளேயே மடக்குக் கட்டில் போட்டுப் படுத்தார்கள். கலைந்த தலையும் செருப்புக் காலுமாக மணிச் சத்தத்துக்கு எழுந்து ஓடினார்கள். பேசுகிறவனுக்கு ஓய்வு, கேட்கிறவனுக்குத் தண்டனை! கடைசியில் நிறைவேறிய சட்டம் வெறும் சக்கை.

"பழையபடி நின்று பேசவையுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று இன்று பலர் எழுதுவதைப் படிக்கும்போது எனக்கு இந்தக் கட்டில்கள்தான் ஞாபகம் வரும். பேச வைத்தால் சிறுபான்மைதான் சோர்ந்துபோகும் என்பது பாதி உண்மை. ஆளைப் பங்குபோட்டுக்கொள்ளத் தெரிந்த சிறுபான்மைக்கு அது பெரிய கஷ்டமே இல்லை.

இந்த ஏற்பாட்டை யாரும் திட்டம் போட்டு உருவாக்கவில்லை என்பது இன்னொரு கூத்து. அரசியலமைப்பில் ஃபிலிபஸ்டர் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. 1805இல் துணை அதிபர் ஆரன் பர், செனட் விதிப் புத்தகத்தில் வேண்டாதவற்றை நீக்கி எளிமையாக்கச் சொன்னார். மறு ஆண்டு விதிகளைத் திருத்தியபோது, விவாதத்தை நிறுத்தி வாக்கெடுப்புக்குப் போக வழி செய்யக்கூடிய விதி ஒன்றும் சேர்ந்து போய்விட்டது. அன்றைக்கு அதை யாரும் பெரிதாகப் பயன்படுத்தவில்லை, போனதும் தெரியவில்லை. சில பத்தாண்டுகள் கழித்துத்தான் அந்த ஓட்டையின் அருமை புரிந்தது. 1917 மார்ச்சில், வணிகக் கப்பல்களில் ஆயுதம் ஏற்றும் மசோதாவை ஒரு சின்னக் குழு பேசியே கொன்றது. அதிபர் வில்சன் கொதித்துப் போனார். சில நாட்களிலேயே, மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களித்தால் விவாதத்தை முடிக்கலாம் என்ற விதி வந்தது. 1975இல் அதை ஐந்தில் மூன்று பங்காக, அதாவது 60 பேராகக் குறைத்தார்கள்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எதிர்க்கருத்தைச் சொல்ல இடம் கொடு, பெரும்பான்மையின் அவசரத்துக்குக் கடிவாளம் போடு. ஆனால் அந்தக் கடிவாளம் யார் கையில் இருந்தது, எதற்குப் பயன்பட்டது என்று பார்க்காமல் இதைப் பேசவே கூடாது. கறுப்பின மக்களைக் கும்பல் சேர்ந்து அடித்துக் கொன்று மரத்தில் தொங்கவிடுவதைத் தேசியக் குற்றமாக்கும் மசோதா 1922 ஜனவரியில் கீழவையான பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. செனட்டில் தென்மாநிலத்தார் பேசிப் பேசியே அதைக் கிடப்பில் போட்டார்கள். 1935இல் இன்னொரு மசோதா, அதே கதி. 1938இல் மீண்டும். 2005இல், அந்தச் சட்டத்தை இயற்றத் தவறியதற்காக செனட் ஒரு தீர்மானம் போட்டு மன்னிப்புக் கேட்டது. சட்டம் வந்தது 2022 மார்ச் மாதம். நூறு வருஷம். பேச்சுச் சுதந்திரம், சிறுபான்மையோர் உரிமை என்று என்ன பெயர் வைத்தாலும், இந்த நூறு வருஷத்தில் அவைக்குள் பாதுகாக்கப்பட்ட சிறுபான்மை எது, வெளியே செத்துக்கொண்டிருந்த சிறுபான்மை எது என்று கேட்டாக வேண்டும்.

சரி, அப்படியென்றால் இழுத்தடிப்பே கூடாதா? அங்கேதான் 1964 என்னைத் தடுத்து நிறுத்துகிறது.

அந்த ஆண்டின் குடிமை உரிமைச் சட்டம் பிப்ரவரி 10 அன்று பிரதிநிதிகள் சபையில் 290க்கு 130 என்று நிறைவேறி செனட்டுக்கு வந்தது. அதற்குள் ஜான்சன் அதிபராகிவிட்டார். செனட்டின் பெரும்பான்மைத் தலைவர் மான்டனாவின் மைக் மான்ஸ்ஃபீல்ட், குரல் உயர்த்தத் தெரியாத மனிதர். 1960இன் கட்டில் கூத்தை மறுபடி நடத்த மாட்டேன் என்றுவிட்டார். பேசட்டும், எத்தனை நாளானாலும் பேசட்டும், நாம் 67 வாக்குகளைச் சேர்ப்போம் என்பதுதான் திட்டம். மசோதாவை முன்னெடுத்த ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரி இந்த முறை ரஸ்ஸலின் பாடத்தையே அவருக்குத் திருப்பிப் படித்தார். ஆதரவாளர்களையும் அணி அணியாகப் பிரித்து, எப்போது மணி அடித்தாலும் கோரத்துக்கு ஆள் இருக்கும்படி பட்டியல் போட்டார். இன்னொரு பக்கம், எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் தலைவர் எவரெட் டர்க்சனோடு பேச்சு நடந்தது. வாரக்கணக்காக அவர் அறையில் உட்கார்ந்து வரி வரியாகத் திருத்தினார்கள். மாநிலத்திலேயே நியாயம் கேட்க அமைப்பு இருந்தால் அங்கே முதலில் வாய்ப்பு, அப்புறம்தான் மத்திய அரசு தலையிடும் என்பது போன்ற மாற்றங்கள். சட்டத்தின் முதுகெலும்பு முறியவில்லை, ஆனால் தயங்கியவர்கள் கையெழுத்துப் போட ஒரு காரணம் கிடைத்தது. இதற்கிடையே நாடெங்கும் தேவாலயங்களும் யூத அமைப்புகளும் தங்கள் செனட்டர்களுக்குக் கடிதம் எழுதித் தள்ளிக்கொண்டிருந்தன.

60 வேலை நாட்கள் போயின. ஜூன் 9 இரவு மேற்கு வர்ஜீனியாவின் ராபர்ட் பேர்ட் பேசத் தொடங்கி, 14 மணி 13 நிமிடம் பேசி, மறுநாள் காலையில் முடித்தார். அடுத்து விவாதத்தை முடிப்பதற்கான வாக்கெடுப்பு. நூறு செனட்டர்களும் அவையில் இருந்தார்கள். கலிஃபோர்னியாவின் கிளேர் எங்கிளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். மூளையில் கட்டி, பேச்சு போய்விட்டது. எழுத்தர் அவர் பெயரை அழைத்தார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. கையை மெல்ல உயர்த்தித் தன் கண்ணைக் காட்டினார். ஆதரவு வாக்குக்கு அங்கே சொல்லும் 'ஐ' என்பதுதான் ஆங்கிலத்தில் கண்ணுக்கும் ஒலி. எழுத்தர் ஆதரவு என்று பதிந்தார். 71க்கு 29. குடிமை உரிமை மசோதா ஒன்றின் மீதான ஃபிலிபஸ்டரை செனட் முறித்தது வரலாற்றில் அதுவே முதல் தடவை. அடுத்த மாதக் கடைசியில் எங்கிள் இறந்துபோனார்.

அந்த 71இல் 44 பேர் ஜனநாயகக் கட்சி, 27 பேர் குடியரசுக் கட்சி. தோற்ற ரஸ்ஸல் என்ன செய்தார் என்பதும் முக்கியம். வாழ்நாளெல்லாம் நிறவெறிப் பிரிவினையைக் கட்டிக்காத்த அந்த மனிதர், ஜூலையில் ஜார்ஜியா மக்களிடம் சட்டம் வந்துவிட்டது, அதற்குக் கட்டுப்படுங்கள், வன்முறை வேண்டாம் என்று சொன்னார். எல்லோரும் கேட்டார்கள் என்றில்லை. ஆனால் சொல்ல வேண்டியவர் சொன்னார். 60 நாள் நின்று போராடி, முழுசாகத் தோற்றவர் என்பதால்தான் அதைச் சொல்லும் தகுதி அவருக்கு இருந்தது என்று நினைக்கிறேன். ஒரே இரவில் குரல் வாக்கெடுப்பில் சட்டத்தைத் தள்ளியிருந்தால், "ஏமாற்றிவிட்டார்கள்" என்று சொல்லியே இன்னொரு பத்து வருஷம் கலவரம் வளர்த்திருக்கலாம். தாமதத்தால் ஒரு பயன் உண்டென்றால் இதுதான்: தோற்றவனுக்கு, தோற்றோம் என்று ஒப்புக்கொள்ள ஒரு வழி.

ஆனால் அந்தத் தாமதம் முடிந்தது. அதைக் கவனிக்க வேண்டும்.

இன்றைய செனட்டில் இழுத்தடிப்புக்கு முடிவே இல்லை, ஏனென்றால் தொடக்கமே இல்லை. 1970களின் தொடக்கத்தில், ஒரு மசோதாவில் சிக்கல் வந்தால் மொத்த அவையும் ஸ்தம்பிக்க வேண்டாம், அதை ஓரமாக வைத்துவிட்டு மற்ற வேலைகளைப் பார்க்கலாம் என்று மான்ஸ்ஃபீல்டும், அப்போது துணைத் தலைவராக இருந்த அதே ராபர்ட் பேர்டும் சேர்ந்து ஒரு நடைமுறை கொண்டுவந்தார்கள். நல்லெண்ணத்தில் செய்த காரியம். விளைவு தலைகீழாகப் போனது. முன்பெல்லாம் ஒரு மசோதாவைத் தடுப்பவன் ஊரார் கண்ணெதிரே நாட்டின் மற்ற எல்லா வேலைகளையும் சேர்த்துத் தடுத்தான், திட்டும் வாங்கினான். இப்போது 'எனக்கு ஆட்சேபம் இருக்கிறது' என்று கட்சித் தலைவர் அலுவலகத்துக்கு ஒரு தகவல் போனாலே போதும், 60 வாக்கு சேராத மசோதா அவைப் பக்கமே வராது. ரயிலில் அபாயச் சங்கிலியை இழுக்க யாருக்கும் உரிமை உண்டு, ஆனால் இழுத்தவர் கார்டிடம் காரணம் சொல்லியாக வேண்டும். இங்கே சங்கிலியை வீட்டிலிருந்தே இழுக்கலாம், யார் இழுத்தது என்று கேட்க ஆள் இல்லை.

எனக்கு ஒரு வினோதப் பழக்கம் உண்டு. சாயங்கால வேலையின்போது கணினியின் மூலையில் செனட் நேரலையை ஓடவிடுவேன். பெரும்பாலான நாட்களில் பார்க்கக் கிடைப்பது என்ன தெரியுமா? காலி நாற்காலிகள். மேடையில் ஒருவர், கீழே எழுத்தர். கோரம் இருக்கிறதா என்று பார்க்க எழுத்தர் பெயர்களை வாசிக்க வேண்டும். ஒரு பெயர் சொல்வார், நிறுத்துவார். நீண்ட நேரம் கழித்து இன்னொரு பெயர். யாரும் வர மாட்டார்கள், யாரும் வர வேண்டும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. அறைகளுக்குள் பேரம் நடக்கிறது, அதுவரை நேரத்தைக் கடத்த இது ஒரு சாக்கு. ஒளிபரப்பும் சி-ஸ்பேன் அதற்குப் பின்னணியாக மேற்கத்திய செவ்வியல் இசையைப் போட்டுவிடுவார்கள். ஒருநாள் என் மனைவி எட்டிப் பார்த்து, "யாருமே இல்லாத ஹாலுக்கு ஏன் பாட்டு போட்டிருக்காங்க?" என்று கேட்டாள். உலகின் மாபெரும் விவாத மன்றம் என்று அந்த அவை தன்னை அழைத்துக்கொள்வதை அவளிடம் சொல்லவில்லை.

இப்படிப் பேச்சே இல்லாத இடத்தில்தான் 2013 ஏப்ரல் 17 நடந்தது. நான்கு மாதம் முன்பு சேண்டி ஹுக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சரிபார்க்கும் விதியை விரிவாக்க, இரு கட்சிகளிலிருந்தும் ஆளுக்கொருவராக ஜோ மான்ச்சினும் பேட் டூமியும் கொண்டுவந்த திருத்தம். ஆதரவு 54, எதிர்ப்பு 46. தோற்றது. யாரும் 24 மணி நேரம் நிற்கவில்லை, வாளி வைக்கவில்லை. 54ஐ விட 46 பெரியது என்ற கணக்கு மட்டும் இருந்தது. ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் இரண்டு செனட்டர், நான்கு கோடியை நெருங்கும் கலிஃபோர்னியாவுக்கும் இரண்டு செனட்டர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்தக் கணக்கு இன்னும் கோணலாகும்.

இரண்டு கட்சிகளும் இதில் யோக்கியம் இல்லை. ஆட்சியில் இருக்கும்போது ஃபிலிபஸ்டர் சாபம், எதிர்க்கட்சியானதும் வரம். 2013 நவம்பரில் ஜனநாயகக் கட்சி பெரும்பாலான நியமனங்களுக்கு 60 வேண்டாம் என்று மாற்றியது. 2017இல் குடியரசுக் கட்சி அதை உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கும் நீட்டியது. சாதாரணச் சட்டங்களுக்கு மட்டும் 60 அப்படியே நிற்கிறது.

இந்தியாவில் இந்தக் கதை வேறு வழியில் போனது. அதற்குக் காரணம் ஐரிஷ்காரர்கள். 1870களில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஐரிஷ் உறுப்பினர் ஜோசப் பிகர், பெல்ஃபாஸ்டின் பன்றி இறைச்சி வியாபாரி, அரசு அறிக்கைகளை மணிக்கணக்கில் வாசித்துச் சபையை வதைத்தார். சரியாகக் கேட்கவில்லை என்று ஒருமுறை சபாநாயகர் சொன்னதும், காகிதங்களை அள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்து முதலிலிருந்து தொடங்கினார் என்பார்கள். 1881 ஜனவரி 31இல் தொடங்கிய கூட்டத்தை ஐரிஷ் தலைவர் பார்னலும் தோழர்களும் 41 மணி நேரம் இழுத்தார்கள். பிப்ரவரி 2 காலையில் சபாநாயகர் பிராண்ட் தன் பொறுப்பிலேயே விவாதத்தை வெட்டி வாக்கெடுப்புக்கு விட்டார். அதிலிருந்து பிறந்ததுதான் விவாதத்தை முடித்துவைக்கும் விதி. அந்த விதிப் புத்தகத்தின் வாரிசுகள் நாம். அதனால் நம் அவைகளில் பேசியே ஒரு அரசு மசோதாவைக் கொல்ல முடியாது. கத்தலாம், மையப்பகுதிக்கு ஓடலாம், வெளிநடப்பு செய்யலாம், குண்டுக்கட்டாகத் தூக்கி வெளியேற்றப்படலாம். 2010 மார்ச்சில் மகளிர் இடஒதுக்கீடு மசோதாவுக்காக மாநிலங்களவையில் ஏழு பேரை இடைநீக்கம் செய்து, காவலர்களை வைத்து அப்புறப்படுத்தித்தான் வாக்கெடுப்பு நடத்தினார்கள். 2020இல் மூன்று வேளாண் சட்டங்களில் இரண்டு மாநிலங்களவையில் கூச்சலுக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. உள்ளே முடியாத விவாதம் டெல்லி எல்லைச் சாலைகளில் ஒரு வருஷத்துக்கு மேல் நடந்தது. 2021 நவம்பர் 29 அன்று அதே சட்டங்களைத் திரும்பப் பெறும் மசோதாவும் இரு அவைகளிலும் விவாதமே இல்லாமல் சில நிமிடங்களில் நிறைவேறியது. வந்தது அரைகுறைப் பேச்சோடு, போனது பேச்சே இல்லாமல்.

அமெரிக்காவின் 60ஐக் கண்டு நமக்கு ஏக்கம் வர வேண்டியதில்லை, நம் வேகத்தைக் கண்டு அவர்களுக்கும் ஏக்கம் வரத் தேவையில்லை. எனக்குப் பிடித்த ஏற்பாடு நடுவில் இருக்கிறது. பிரிட்டனில் மேலவையான பிரபுக்கள் சபைக்கு 1911 வரை மசோதாவை அடியோடு நிராகரிக்கும் அதிகாரம் இருந்தது. அந்த ஆண்டு அதை இரண்டு வருஷத் தாமதமாகச் சுருக்கினார்கள், 1949இல் ஒரு வருஷமாக. நிறுத்திவைக்கலாம், காரணம் சொல்லலாம், ஊரைக் கூட்டலாம். அதற்குப் பிறகும் கீழவை பிடிவாதமாக இருந்தால் சட்டம் சட்டம்தான்.

அயோவா செனட்டர் டாம் ஹார்க்கின் 1995 ஜனவரியில் ஏறக்குறைய இதையே தன் அவைக்குச் சொன்னார். முதல் வாக்கெடுப்பில் 60 வேண்டும். கிடைக்காவிட்டால் சில நாள் கழித்து 57 போதும், அப்புறம் 54, கடைசியில் 51. சிறுபான்மை சில வாரங்கள் வாதாடலாம், திருத்தம் கேட்கலாம், ஆனால் சாகும்வரை பூட்டிவைக்க முடியாது. அவர் கட்சி அப்போதுதான் தேர்தலில் தோற்றுச் சிறுபான்மையாகியிருந்தது. தன் கட்சியின் கையில் மிச்சமிருந்த ஒரே ஆயுதத்தின் கூர்மையைத் தானே மழுக்க வந்த மனிதர். 76க்கு 19 என்று ஓரங்கட்டினார்கள். 2011 ஜனவரியில் மறுபடி கொண்டுவந்தார். இந்த முறை அவர் கட்சிதான் பெரும்பான்மை, 53 இடம் கையில். 12 பேர் ஆதரித்தார்கள், 84 பேர் எதிர்த்தார்கள். என்றாவது தோற்போம் என்பது அந்த 84 பேருக்கும் நன்றாகத் தெரிந்திருக்கிறது.